ரோடியம் பிளக்குக்கு 14,000 ரூபாயா? ஒரு சின்ன கணக்கு

நம்ம சேனல் பார்க்கிற ஒரு நண்பர் கேட்ட கேள்வி இது: "ஆம்ப்ளிஃபயருக்கு ரோடியம் முலாம் பூசின பிளக் 14,000 ரூபாய் சொல்றாங்க. பித்தளை பிளக்கை மாத்தினாலே சவுண்ட் தெளிவாகுமாம். வாங்கலாமா சார்?"

முதல்ல உலோகத்தைப் பார்த்துடுவோம். மின்சாரத்தைக் கடத்துறதுல வெள்ளி முதலிடம். தாமிரம் அதைவிடக் கொஞ்சம்தான் கம்மி. தாமிரத்தை 100-னு வெச்சா தங்கம் சுமார் 70, ரோடியம் 40 கூட வராது! பித்தளை 25-ஐ ஒட்டி நிக்கும். அப்போ ஏன் தங்கமும் ரோடியமும் பூசுறாங்க? கறுக்காது, அதனால. ரோடியம் சீக்கிரம் தேயாது. அவ்வளவுதான் விஷயம்.

சரி, பித்தளையால நமக்கு எவ்வளவு நஷ்டம்? பின் 5 மி.மீ. தடிமன், 2 செ.மீ. நீளம்னு வெச்சுக்கோங்க. 1 ஆம்பியர், அதாவது 230 வாட் இழுக்கும்போது ரெண்டு பின்லயும் சேர்த்துப் போறது சுமார் 0.00013 வோல்ட். ஆனா சுவருக்குள்ள ஓடுற 1.5 சதுர மி.மீ. தாமிர வயர், மெயின் போர்டுல இருந்து 15 மீட்டர்னா, போக வர 0.34 வோல்ட் சாப்பிட்டுடும். 2,500 மடங்கு! இதுல பின்னை மட்டும் மாத்துறது கடல்ல பெருங்காயம் கரைச்ச கதைதான்.

இன்னொண்ணு. பிளக் வழியா பாட்டு போறதில்லை, கரண்ட்தான் போகுது. அதையும் ஆம்ப்ளிஃபயர் உள்ள டிரான்ஸ்ஃபார்மர், டையோடு, கெப்பாசிட்டர் எல்லாம் சேர்ந்து டிசி-யா மாத்தின பிறகுதான் பயன்படுத்துது.

உண்மையில காசு செலவு பண்ண வேண்டிய இடம் லூஸான சாக்கெட். லூஸ் கான்டாக்ட் சூடாகும், பொறி பறக்கும், 'கரகர'ன்னு சத்தமும் வரும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள சாக்கெட்டும் பிளக்கும் சில நூறு ரூபாய்தான். 'ம்ம்ம்'னு ஹம் சத்தம் வந்தா எலக்ட்ரீஷியனை வெச்சு எர்த் சரியா இருக்கான்னு பாருங்க. ஹம் போகணும்னு எர்த் பின்னைக் கழட்டி விடுற வேலை மட்டும் வேண்டாம், உயிருக்கே ஆபத்து.

மீதிப் பணத்துல கனமான திரைச்சீலை, தரைக்கு ஒரு கார்பெட் வாங்குங்க. அறையில எதிரொலி குறையும், அது காதுக்கே தெரியும். இல்லையா, 7% வட்டியில 10 வருஷம் போட்டு வெச்சா 14,000 ரூபாய் சுமார் 27,500 ஆகும்.

அப்பவும் மனசு கேக்கலைன்னா, திருப்பிக் கொடுக்க வசதி இருக்கிற கடையில மட்டும் வாங்குங்க. எந்த பிளக்னு உங்களுக்குத் தெரியாம வீட்ல யாரையாவது 10 தடவை மாட்டச் சொல்லுங்க, வால்யூமைத் தொடாம. 9 தடவை சரியா சொல்லிட்டீங்கன்னா வெச்சுக்கோங்க. 5, 6-ன்னா பில்லோட கடைக்குக் கிளம்புங்க.