களப்பு நீரின் அடர்த்தியைக் குழாய் நீரமானியால் அளத்தல்

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியை அடுத்துள்ள இறக்கக்கண்டியில் கிணற்று நீரும் களப்பு நீரும் கடல்நீரும் அருகருகே கிடைப்பதால், அடர்த்தி, மேலுதைப்பு, அமுக்கம் ஆகிய மூன்றும் பிரிக்க முடியாதவாறு பிணைந்தவை என்பதை மாணவர் தம் கையால் செய்த ஒரே கருவியைக் கொண்டு உணர முடியும். அடர்த்தி என்பது ஓரலகு கனவளவின் திணிவு ஆகும். ஒரு கன மீற்றர் நன்னீரின் திணிவு ஏறத்தாழ 1000 கிலோகிராமாகவும், உப்புக் கரைந்த கடல்நீரின் திணிவு ஏறத்தாழ 1025 கிலோகிராமாகவும் இருக்கும்.

1. கருவியை அமைத்தல்: ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளமும் சீரான பருமனும் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை உருகிய மெழுகால் உட்புறமாக அடைத்து, உவர்ப்பற்ற கிணற்று நீரில் அது சரியாக 10 சென்ரிமீற்றர் அமிழ்ந்து நிமிர்ந்து மிதக்கும் வரை, காய்ந்த மணலைச் சிறிது சிறிதாக உள்ளே இடுதல் வேண்டும். பாரத்தை வெளியே ஒட்டினால் அதன் கனவளவும் நீரை இடம்பெயர்த்துக் கணிப்பைப் பிழையாக்கும்.

2. மாதிரிகளைச் சேகரித்தல்: களப்பு கடலோடு கூடும் முகத்துவாரத்தில் நீரோட்டம் வலிதாக இருக்கக்கூடும் என்பதால், பெரியவர் ஒருவரின் துணையுடன் கரையில் நின்றே நீரை எடுத்து, கலங்கல் படியும் வரையும் எல்லா மாதிரிகளின் வெப்பநிலையும் சமமாகும் வரையும் நிழலில் வைத்தல் வேண்டும்.

3. அளத்தல்: உயரமான பாத்திரத்தின் சுவரைத் தொடாதவாறு குழாயை மிதக்கவிட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை அகற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, அமிழ்ந்த நீளத்தை மும்முறை வாசித்துச் சராசரி காணல் வேண்டும். கடல்நீரில் இந்நீளம் ஏறத்தாழ 9.76 சென்ரிமீற்றராகும், வேறுபாடு 2.4 மில்லிமீற்றர் மட்டுமே ஆதலால், பொறுமையான வாசிப்பே இங்கு முதன்மையானது.

4. கணித்தல்: 10000 என்னும் எண்ணைச் சென்ரிமீற்றரில் அளந்த நீளத்தால் வகுத்தால், நீரின் அடர்த்தி கன மீற்றருக்கு இத்தனை கிலோகிராம் எனக் கிடைக்கும்.

இக்கணிப்பின் அடிப்படை ஆக்கிமிடிசின் தத்துவமாகும். மிதக்கும் பொருளை நீர் மேல்நோக்கித் தள்ளும் விசையாகிய மேலுதைப்பு, இடம்பெயர்ந்த நீரின் நிறைக்கும், ஆகவே பொருளின் நிறைக்கும் சமமாகும். அவ்விசை, ஓரலகுப் பரப்பில் தாக்கும் விசையான அமுக்கத்திலிருந்தே பிறக்கிறது. ஈர்வை ஆர்முடுகலை 10 எனக் கொண்டால், நன்னீரில் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் நீரால் உண்டாகும் அமுக்கம் 1000 பஸ்கால் ஆகும். குழாயின் நிறை மாறாததால் கடல்நீரிலும் அதன் அடியில் அதே அமுக்கமே தேவைப்படுகிறது. அடர்த்தி மிகுந்த நீரில் அது குறைந்த ஆழத்திலேயே கிடைத்துவிடுவதால் குழாய் சற்று உயர்ந்து மிதக்கிறது.

கப்பலின் பக்கத்தில் நன்னீருக்கும் கடல்நீருக்கும் தனித்தனியே சுமைக்கோடு வரையப்படுவதும் இதே காரணத்தினாலாகும். மழைநீர் களப்பில் கலக்கும் திசெம்பரிலும், வெயில் கடுமையாகும் ஓகஸ்ட் மாதத்திலும் ஒரே இடத்து நீரை அளந்து ஒப்பிடும் வகுப்பு, களப்பின் உவர்மாற்றத்தைத் தன் சொந்தத் தரவுகளால் நிறுவிக்கொள்ளும்.