ஒரு நாளுக்கு ஒரு சுற்று

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, தொடர்வண்டிப் பயணச்சீட்டைப் பலமுறை எடுத்துப் பார்ப்பது வழக்கம். அச்சீட்டில் நாள் மே 12 என்றும், புறப்படும் நேரம் 00:15 என்றும் இருந்தால் வண்டி எப்போது புறப்படும்? மே 11 நள்ளிரவு கடந்த கால்மணி நேரத்தில் அது புறப்பட்டுவிடும். மே 12 இரவு உணவை முடித்துக்கொண்டு, மூட்டை முடிச்சுகளுடன் நிலையத்தை அடைபவர் ஏறத்தாழ ஒரு முழு நாள் பிந்திவிடுகிறார். பன்னிரண்டு என்னும் எண் ஒரே நாளில் இருமுறை வந்து பழகியதால் நேரும் பிழை இது.

கால அட்டவணை 24 மணி முறைக்கு மாறிய பின்னரும் கையில் கட்டும் கடிகாரம் மாறவில்லை. அதன் மணிமுள் நாளொன்றுக்கு இருமுறை சுற்றுகிறது. எனினும், ஒரே ஒருமுறை மட்டும் சுற்றும் மணிமுள்ளைக் கொண்ட கைக்கடிகாரங்களும் உண்டு. அவை மிகுதியாகச் செய்யப்பட்டவை அல்ல. அதனால்தான் பழங்கடிகாரம் சேர்ப்போர் அவற்றை விரும்பித் தேடுகின்றனர்.

இவற்றின் டயலில் 1 முதல் 24 வரை எண்கள் இருக்கும். 24 பெரும்பாலும் உச்சியில் நிற்கும். நண்பகல் 12 அடியில் நிற்கும். சாதாரணக் கடிகாரத்தில் மணிமுள் ஒரு மணி நேரத்தில் 30 பாகை நகரும். இதிலோ 15 பாகைதான். நிமிடமுள்ளுக்கு மாற்றமில்லை; அது மணிக்கு ஒருமுறையே சுற்றும். ஆகவே, நிமிடமுள் 24 சுற்றுச் சுற்றினால் மணிமுள் ஒரு சுற்றுச் சுற்றுமாறு உள்ளிருக்கும் பல்சக்கரங்கள் அமைக்கப்படுகின்றன. புதிதாக அணிபவர் சில நாள் தடுமாறுவார். மாலை 6 மணிக்கு முள் இடப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும். பழகிய கண்ணோ அதை 9 என்று படிக்கும்.

சுவிட்சர்லாந்தின் கிளைசின் நிறுவனம் 1953இல் விமானிகளுக்கென ஏர்மேன் என்னும் கடிகாரத்தை வெளியிட்டது. பாங்காக்கிலிருந்து கல்கத்தாவுக்குப் பறந்த வானூர்தியில், அந்நிறுவன அலுவலர் ஒருவரும் விமானி ஒருவரும் உரையாடியதிலிருந்தே அது பிறந்தது என்பர். அதன் வெளிவளையத்தையும் திருப்பலாம். அதிலும் 24 மணிக் குறிகள் உண்டு. வளையத்தைத் திருப்பி வைத்தால் மற்றோர் ஊரின் நேரத்தையும் அதே முள்ளைக்கொண்டு அறியலாம். பாங்காக் நேரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னதாகும்.

விண்வெளியில் இத்தேவை இன்னும் கூடியது. அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கார்ப்பென்டர் 1962 மே 24 அன்று அரோரா 7 விண்கலத்தில் புறப்பட்டு, ஐந்து மணி நேரத்திற்குள் பூமியை மூன்று முறை சுற்றினார். ஒன்றரை மணிக்கொருமுறை பகலும் இரவும் மாறி வரும் இடத்தில், சாளரத்தைப் பார்த்துக் காலையா மாலையா என்று அறிய இயலுமா? பிரைட்லிங் நிறுவனத்திடம் 24 மணி டயல் கொண்ட கடிகாரம் வேண்டுமென அவரே கேட்டுப் பெற்றிருந்தார். பயணத்தில் அது நன்றாகவே ஓடியது. ஆனால் கலம் குறித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இறங்கிற்று. மீட்புக் குழு வரும்வரை அவர் மிதவையில் காத்திருக்க நேர்ந்தது. விண்வெளி கெடுக்காத கடிகாரத்தை உப்புநீர் கெடுத்தது. அவருக்கு வேறு கடிகாரம் வழங்கப்பட்டது. துருவும் அரிப்பும் ஏறிய பழையதை அந்நிறுவனம் தன்னிடமே வைத்திருந்து, அறுபது ஆண்டுகள் கழித்து, 2022இல், பழுதுபார்க்காமல் அப்படியே காட்சிக்கு வைத்தது.

சோவியத் நாட்டில் ரக்கேட்டா கடிகாரங்கள் அண்டார்க்டிக் ஆய்வுக்குழுவினருக்காக 24 மணி டயலுடன் செய்யப்பட்டன. கோடையில் மறையாத கதிரவனும் குளிர்காலத்தில் எழாத கதிரவனும் உள்ள நிலம் அது.

சேர்ப்பவர்க்கு ஆசையைவிட ஐயமே நல்ல துணை. மும்பையின் சோர் பஜார் போன்ற சந்தைகளில் பழைய கைக்கடிகாரங்கள் குவிந்து கிடக்கும். பழங்கடிகாரங்களில் பல, பிற்காலத்தில் வண்ணம் பூசி எழுத்து அச்சிட்ட டயலைக் கொண்டவை. மங்கலான பழைய எழுத்தைக் காட்டிலும் பளபளக்கும் புதிய எழுத்து கண்ணைக் கவரும். ஏமாற்றமும் அங்கேதான் தொடங்கும். எளிய சோதனை ஒன்று உண்டு. சாவித் திருகை வெளியே இழுத்து, நிமிடமுள்ளைப் பன்னிரண்டு சுற்றுத் திருப்ப வேண்டும். உண்மையான 24 மணிக் கடிகாரமாயின் மணிமுள் பாதி வட்டமே கடந்திருக்கும். முழு வட்டமும் சுற்றிவிட்டால், சாதாரண இயந்திரத்தின்மேல் யாரோ 24 எண்களை எழுதிவிட்டார் என்று பொருள். அது எந்த ஊரின் நேரத்தையும் காட்டாது.

இருளில் ஒளிரும் பழைய டயல்களைச் சிறுவர்கள் திறந்து பார்த்தல் கூடாது. முற்காலத்தில் அப்பூச்சில் ரேடியம் கலந்திருந்தது.

தமிழர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். காலை 6 மணிக்குத் தொடங்கிக் காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என அவை வரிசையாக வரும். பன்னிரண்டு மணி டயலில் இவ்வாறையும் குறிக்க இடமில்லை. யாமத்தின்மேல் நண்பகல் வந்து படியும். 24 மணி டயலிலோ ஒவ்வொன்றுக்கும் தனியிடம் உண்டு.

பயிற்சி

1. வட்டம் ஒன்று வரைந்து, 24ஐ உச்சியில் வைத்து எண்களை எழுதுக. அதில் ஆறு சிறுபொழுதுகளையும் ஆறு வண்ணங்களால் காட்டுக. பள்ளி விடும் நேரம் எச்சிறுபொழுதில் அமைகிறது?

2. பிரித்து எழுதுக: கைக்கடிகாரம், நள்ளிரவு.

3. கார்ப்பென்டரின் கடிகாரத்தைத் துருநீக்கிப் புதுப்பித்திருக்கலாம் என்கிறார் ஒருவர். கூடாது என்கிறார் மற்றொருவர். இருவரின் உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக.