நெரிசலைக் காட்டும் காமிரா

ஹைதராபாத் நகரைச் சூழ்ந்து செல்லும் நேரு வெளிவட்டச் சாலை 158 கிலோமீட்டர் நீளமும் எட்டுத் தடங்களும் கொண்டது. கச்சிபௌலிக்கும் ஷம்ஷாபாத்துக்கும் இடைப்பட்ட முதற்பகுதி 2008-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் மிகுந்த கச்சிபௌலியில் காலையும் மாலையும் வாகன நெரிசல் பெருகுகிறது.

இச்சாலையில் நினைத்த இடத்தில் ஏறவோ இறங்கவோ இயலாது. குறிப்பிட்ட சந்திப்புகளில் மட்டுமே அதற்கு வழியுண்டு. சந்திப்பைக் கடந்தபின், முன்னால் நேர்ந்த விபத்தை அறிவதால் ஓட்டுநருக்குப் பயனில்லை. எனவே, காமிரா காட்டும் காட்சி கட்டுப்பாட்டு அறையோடு நின்றுவிடலாகாது. சந்திப்புக்கு முன்பே மின்னணு அறிவிப்புப் பலகை வாயிலாக அச்செய்தி எட்டினால், ஓட்டுநர் இறங்கி வேறு வழியில் செல்லலாம். விபத்து நடந்த இடத்தில் நெரிசலும் குறையும்.

ஆயினும், நேரடிக் காட்சி அக்கணத்தின் நிலையை மட்டுமே உணர்த்தும். அரை மணி நேரப் பயணத்துக்குள் நிலைமை மாறிவிடக்கூடும். பல நாட்களின் பதிவுகளை ஒப்பிட்டால்தான் நெரிசல் எப்போது தொடங்குகிறது, எங்கே தேங்குகிறது என்பது புலப்படும். அலுவலக நேரங்களைச் சற்று முன்பின்னாக அமைத்தல், அவசர ஊர்திகளைத் தக்க இடத்தில் நிறுத்துதல் ஆகியவற்றுக்கு இதுவே அடிப்படையாகும்.