குனிந்தால்தான் பாதம் தெரியும்

அன்புள்ள தம்பிக்கு,

இறையியல் படிப்பு முடிந்ததும் வேறு மொழி பேசும் எளிய மக்களிடம் போய்த் தாழ்மையோடு ஊழியம் செய்யப்போவதாக எழுதியிருந்தாய். அந்தத் தாழ்மை என்ற சொல்லைப் பற்றியே உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. மெதுவாகப் பேசுவது, முன்வரிசையில் உட்காராமலிருப்பது என்று நம் சபைகளில் அது ஒரு நல்ல பழக்கமாகச் சுருங்கிவிட்டது. இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவும் யோவான் 13ஆம் அதிகாரத்தை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். பாதம் கழுவக் குனிகிறவருக்கு, நிற்கிறவர்கள் கண்ணில் படாத முள்ளும் வெடிப்பும் தெரிகின்றன. பிறர் துன்பத்தை அவர்களிடமிருந்தே கற்றுக்கொள்ளும் வழிக்குத்தான் தாழ்மை என்று பெயர். கற்காத ஊழியம் எவ்வளவு கனிவாக இருந்தாலும் குருடாகவே இருக்கும்.

டாக்டர் பால் பிராண்டின் வேலையை எடுத்துக்கொள். 1914இல் கொல்லிமலையில் ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார். மருத்துவம் படிப்பதற்கு முன் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றவர் என்பதை நினைவில் வைத்துக்கொள். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் மடங்கிக் கிடந்த விரல்களைப் பார்த்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்பதே அப்போது பரவலான நம்பிக்கை. மருத்துவர்களே அப்படித்தான் எண்ணினார்கள். பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் அன்றாடத்தைக் கவனித்தார்கள். எந்தக் காயம் எப்போது, எந்த வேலையில் பட்டது என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். துருப்பிடித்த பூட்டைத் திறக்கும் கை, வலி தெரியாததால் சாவி சதையைக் கிழிக்கும்வரை அழுத்துகிறது. இரவு நன்றாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்ததற்குக் காரணம், உணர்வற்ற விரலைத் தூக்கத்தில் எலி கடித்தது. அதற்கு மருந்து, வீட்டில் ஒரு பூனை! நோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் வலி போகிறது. வலி போனால் காயத்தின் மேல் காயம் பட்டு விரல் தேய்கிறது. எட்ட நின்று இரக்கப்பட்டவர்கள் யாருக்கும் இது புலப்படவில்லை.

முன்கையில் கெடாமலிருந்த தசைநாண்களை இடம் மாற்றி விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை வெற்றி பெற்றது. ஆனால், கை நேரானவருக்குப் பிச்சையும் விழவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. அதைச் சொன்னவர்கள் நோயாளிகள். கேட்ட பிறகுதான் பயிற்சி இல்லமும் தச்சுப் பட்டறையும் வந்தன. மருத்துவரின் பழைய உளி அங்கே பயன்பட்டது.

இந்தத் தொண்டு மதம் மாற்றுவதற்கான தூண்டில்தானே என்று உன்னிடம் கேட்பார்கள். அந்தக் கேள்வியைப் பார்த்துக் கோபப்படாதே. அப்படி நடந்த இடங்களும் உண்டு. நிபந்தனையோடு தரும் உதவி அறத்துக்கு மட்டும் பழுதல்ல, அறிவுக்கும் பழுது. உன் தயவை எதிர்பார்த்து நிற்கிறவர் உனக்குப் பிடித்ததைத்தான் சொல்வார். "உங்கள் சிகிச்சையால் என் பிழைப்பு போயிற்று" என்று முகத்துக்கு நேரே சொல்லும் உரிமை அவருக்கு இருக்கும் இடத்தில்தான் உண்மை வெளிவரும்.

வெளியிலிருந்து வந்து ஒருவர் மீட்கிறார் என்ற கதையே அவமானமில்லையா என்றும் கேட்பார்கள். கதையைப் பாதியில் நிறுத்தினால் அவமானம்தான். பிராண்டின் மாணவி டாக்டர் மேரி வர்கீஸ் கேரளத்தவர். 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பின், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். அவரைப் பார்த்த நோயாளிக்கு, ஊனம் என்பது தருபவருக்கும் பெறுபவருக்கும் நடுவே நிற்கும் சுவராகத் தெரிந்திருக்காது. பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரின் வேலை நிற்கவில்லை.

மிகக் கடினமான மறுப்பு வேறு. தொண்டு கட்டுப் போடுகிறது, காயப்படுத்தும் சட்டத்தைத் தொடுவதில்லை என்பது அது. நோயாளிகளைப் பிரித்து அடைத்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016 வரை நீக்கப்படவில்லை. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கும் பிரிவு 2019இல்தான் மணச் சட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டது. நோய் குணமாகும் என்பது தெரிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் இந்த நிலை! இதற்குத் திருச்சபையும் பதில் சொல்லியாக வேண்டும். கட்டுப் போடும் கை மனுவும் எழுத வேண்டும். ஆனால் மனுவில் எழுத வேண்டியது எது என்பதையும் அருகில் உட்கார்ந்தவர்தான் அறிவார்.

ஆகையால் தம்பி, போகும் ஊரின் மொழியை முதலில் படி. அங்கே நோவுக்கும் பசிக்கும் மானத்துக்கும் என்னென்ன சொற்கள் வழங்குகின்றன என்று கேட்டு எழுதிக்கொள். முதல் ஓராண்டு பிரசங்கத்தைக் குறைத்துக்கொள். குனிந்து கற்றது ஒரு நோயோடு நின்றுவிடாது: வேலூரிலும் அதன் அருகிலுள்ள கரிகிரியிலும் தொழுநோயாளரின் புண்ணான பாதங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்த எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பை, இன்று நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்