ஒரு டெம்ப்ளேட், பல பாலிசிகள்

பாலிசி என்றதும் எல்.ஐ.சி. ஞாபகம் வரும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். நான் சொல்ல வருவது சி பிளஸ் பிளஸ்ஸில் கிளாஸ் அமைக்கும் ஒரு முறை.

அப்பா தையல் கடையில் வேலை பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் கடை முதலாளி, "கூலிச் சீட்டுப் போட ஒரு புரோகிராம் எழுதிக் குடுப்பா" என்றார். கூலி பீஸ் கணக்கு அல்லது நாள் கணக்கு. முன்பணம் பிடிப்பது மொத்தமாக அல்லது தவணையாக. சீட்டு திரையில் அல்லது காகிதத்தில். 2 x 2 x 2, ஆக 8 கிளாஸ். ஒன்றை எழுதிவிட்டு மற்ற ஏழையும் காப்பி அடித்துத் திருத்தினேன். (பரீட்சையில் அல்ல, சார்!)

வினை அங்கேதான். பாதி தைத்த சட்டைக்குப் பாதிக் கூலி என்பதற்கு 1/2 என்று எழுதியிருந்தேன். இரண்டும் முழு எண் என்பதால் விடை 0. லேபில் கண்டுபிடித்து 1.0/2 என்று மாற்றினேன். ஆனால் பீஸ் கணக்குக் கிளாஸ் நான்கில் மூன்றில்தான் மாற்றியிருக்கிறேன். விட்டுப்போனது அப்பாவுடையது. அந்த வாரம் மூன்று பாதிச் சட்டைக்கு 90 ரூபாய் குறைந்தது. அப்பா கேட்கவே இல்லை. "நீ எழுதின கணக்கு, சரியாத்தான்டா இருக்கும்" என்றார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆன்ட்ரி அலெக்சாண்ட்ரெஸ்கு 2001-இல் வெளியிட்ட 'மாடர்ன் சி பிளஸ் பிளஸ் டிசைன்' புத்தகத்தில் இதற்கு வழி இருக்கிறது. மாறக்கூடிய ஒவ்வொன்றையும் தனிச் சின்னக் கிளாஸாக்க வேண்டும். அதுதான் பாலிசி. கூலிச்சீட்டை ஒரே டெம்ப்ளேட்டாக எழுதி, கூலி, பிடித்தம், சீட்டு என்று மூன்று பாலிசிகளை அதற்குக் கொடுத்தால், அது அவற்றிடமிருந்து இன்ஹெரிட் செய்துகொள்ளும். நான் எழுதுவது 6 சின்னக் கிளாஸ், 1 டெம்ப்ளேட். எட்டு விதத்தையும் கம்பைலரே உண்டாக்கும். 1.0/2 இருப்பது ஒரே இடத்தில்.

கூலி பாலிசி இரண்டிலும் ஒரே பெயரில் ஃபங்ஷன் இருந்தால் போதும், பொதுவான பேஸ் கிளாஸ் தேவையில்லை. பெயர் தப்பினால் கம்பைலர் பக்கம் பக்கமாகத் திட்டும், பயப்படாதீர்கள். நாம் தினமும் எழுதும் வெக்டரிலும் மெமரி ஒதுக்கும் அலகேட்டர் இப்படி வந்த பாலிசிதான்.

எல்லாம் கம்பைல் செய்யும்போதே முடிவாவதால் வர்ச்சுவல் ஃபங்ஷன் தேடும் வேலை மிச்சம். ஆனால் ஓடும்போது பாலிசியை மாற்ற முடியாது. வார நடுவில் ஒருவர் நாள் கணக்குக்கு மாறினால் வேறு ஆப்ஜெக்ட்தான் உண்டாக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை முதலாளி 90 ரூபாயைச் சேர்த்துக் கொடுத்தார். தீபாவளிக்கு ராத்திரி வேலைக் கூலியும் வேண்டுமாம். கூலி பாலிசியில் மூன்றாவதாக ஒரு சின்னக் கிளாஸ் எழுதிக்கொண்டிருக்கிறேன். 7 கிளாஸில் 12 விதச் சீட்டு.