இன்ஜின் மாற்றிய வண்டியில் செல்ஃப் எடுக்காதபோது

இன்ஜினை இறக்கி வேறொன்றை ஏற்றிய வண்டி, சாவியைத் திருப்பியும் சுழலாமல் நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கழற்றி மாட்டியபோது கை பட்ட இடங்களை. வந்திறங்கிய இன்ஜினைக் குறைசொல்வது கடைசியில்தான். செல்ஃப் சுற்றியும் இன்ஜின் பிடிக்காமல் போவது தனிக் கோளாறு. அதற்கு டீசல், காற்று, தீப்பொறி என்று தேட வேண்டும். செல்ஃப் இன்ஜினைச் சுழற்றாததே இங்கே எடுத்துக்கொண்ட பொருள். காரைக்கால்–பேரளம் சாலையில், அம்பகரத்தூர் பக்கம் நெல் மூட்டை ஏற்றி ஓடும் டாடா ஏஸ், பொலிரோ பிக்கப் போன்ற 12 வோல்ட் வண்டிகளை வைத்தே முறை சொல்லப்படுகிறது. கார்களுக்கும் பெரிய வேறுபாடில்லை.

தொடங்குமுன் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். பிறகு ஹெட்லைட்டைப் போட்டபடி ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் செல்ஃப் அருகே காது கொடுத்துக் கேட்கலாம். எந்தச் சத்தமும் இல்லாமல் விளக்கும் மங்காமல் இருந்தால், சாவியிலிருந்து வரும் கட்டளை செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை. ‘டக்டக்டக்’ என்று விடாமல் அடித்து விளக்கு மங்கினால் பேட்டரியோ எர்த்தோ பலவீனம். ஒரே ஒரு ‘டக்’ கேட்டு நின்றுவிட்டால் பெரிய கேபிள், செல்ஃப், இன்ஜின் இறுக்கம் இந்த மூன்றில் ஒன்று. ‘விர்’ரென்று வெறுமனே சுற்றினால் பல் சேரவில்லை. இந்த ஒரு நிமிடக் கேட்பு பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

அடுத்து பேட்டரி. இன்ஜின் வேலை முடியும்வரை பட்டறை மூலையில் கிடந்த பேட்டரி இறங்கியிருக்கும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், முதலில் சார்ஜ் ஏற்றியோ நல்ல பேட்டரி ஒன்றை வைத்தோ பார்க்க வேண்டும். அதுவரை மற்ற அளவுகளை நம்ப முடியாது.

பேட்டரி நன்றாக இருந்தால் எர்த். இன்ஜின் மாற்றிய வண்டிகளில் அதிகம் மறக்கப்படுவது இதுதான். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்காருவதால் சேஸிஸோடு அதற்கு மின்தொடர்பு கிடையாது. பின்னிய செம்புப் பட்டை ஒன்றுதான் பாலம். அதை மாட்டாமல் விட்டால் மின்சாரம் ஆக்சிலேட்டர் கேபிள், கியர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். அந்தக் கேபிள் சுட்டுப் புகைவதே எர்த் இல்லை என்பதற்கு அடையாளம். பட்டை மாட்டியிருந்தும் அடியில் புது பெயின்ட் இருந்தால் பயனில்லை. கடற்காற்று எட்டும் இந்தப் பகுதியில் பழைய பட்டையின் இழைகளுக்குள் பச்சை பூத்திருப்பதும் சகஜம். மேலே பளபளத்தாலும் பட்டை முனையின் லக்கை முறுக்கிப் பார்த்தால் உள்ளே பொடியாக உதிரும்.

எர்த் சரியா என்று நிச்சயப்படுத்த, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் வைத்து, சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃபின் பெரிய நட்டு வரை இதேபோல் அளந்தால் 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. டெஸ்ட் லேம்ப் இங்கே ஏமாற்றும்: ஒரு ஆம்பியர்கூடக் கேட்காத பல்பு, நாலு இழை மிஞ்சிய கேபிளிலும் பிரகாசமாக எரியும். 200 ஆம்பியர் ஓட வேண்டிய பாதையில் 0.05 ஓம் தடை இருந்தாலே 10 வோல்ட்டை அது விழுங்கப் பார்க்கும்; செல்ஃபுக்கு ஒன்றும் மிஞ்சாது. மீட்டர் இல்லாவிட்டால் பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கு ஒரு தடித்த ஜம்பர் கேபிள் போட்டுப் பார்க்கலாம். உடனே சுற்றினால் விடை கிடைத்தாயிற்று.

சத்தமே இல்லாத வண்டியில் செல்ஃபின் சாலினாய்டுக்குப் போகும் மெல்லிய வயரைப் பிடிக்க வேண்டும். பல செல்ஃப்களில் பெரிய நட்டுக்கு 30 என்றும் மெல்லிய வயர் முனைக்கு 50 என்றும் குறி இருக்கும். சாவியைத் திருப்பியதும் 50-இல் பேட்டரி அளவுக்குக் கிட்டத்தட்ட வோல்ட் வந்தும் சாலினாய்டு அடிக்கவில்லை என்றால் குறை செல்ஃபில், அல்லது அதன் எர்த்தில். வோல்ட் வரவில்லை என்றால் பின்னோக்கிப் போக வேண்டும்: ஃபியூஸ், ரிலே, கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரல் சுவிட்ச், கடைசியாக இக்னிஷன் சுவிட்ச். கியர்பாக்ஸ் பின்னால் செருகாமல் தொங்கும் கனெக்டர் ஒன்று அடிக்கடி அகப்படும். புதிய வண்டிகளில் இன்ஜினோடு ஈசியூவும் மாறியிருந்தால் இம்மொபிலைசர் சாவியை ஏற்காது; சிலவற்றில் அது செல்ஃபையே தடுக்கும். டாஷ்போர்டில் சாவிப் படம் மின்னினால் வயரிங்கைக் கிழிக்காமல் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போவது நல்லது.

கட்டளை, கரன்ட், எர்த் மூன்றும் சரி என்றால் செல்ஃபைக் கழற்றலாம். பேட்டரி நெகட்டிவைப் பிரிக்காமல் செல்ஃபின் நட்டில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிச் சந்தையிலிருந்து வந்த இன்ஜினுக்குத் தன் பிளைவீல் ஒன்று, வண்டியில் இருந்த செல்ஃப் வேறு மாடலுக்கானது என்றால் பல்லின் எண்ணிக்கையோ ஆழமோ ஒத்துவராது. செல்ஃபின் பெண்டிக்ஸ் பல்லையும் பிளைவீலின் ரிங் கியர் பல்லையும் டார்ச் அடித்து ஒப்பிட வேண்டும். நுனி மட்டும் தேய்ந்து பளபளத்தால் பொருத்தம் தவறு. செல்ஃப் உட்காரும் முகமே அதன் எர்த்தும் என்பதால் அங்கே பெயின்ட், கேஸ்கெட் பசை இருக்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ‘டக்’ மட்டும் என்றால் இன்ஜின் கையால் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டி, இன்ஜின் ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்ப வேண்டும். எதிர்த்திசையில் திருப்பினால் டைமிங் பெல்ட் வழுக்கலாம். கொஞ்சம் சுற்றித் திடமாக முட்டினால், மூடாமல் மழையில் கிடந்த இன்ஜினின் சிலிண்டரில் தண்ணீர் நிற்கக்கூடும். இன்ஜெக்டரையோ ஸ்பார்க் பிளக்கையோ கழற்றிய பின் சுற்றினால் தண்ணீர் பீய்ச்சி வெளியேறும். கழற்றியும் நகரவில்லை என்றால் இடம் மாறிப் போட்ட நீளமான போல்ட் பிளைவீலை முட்டுகிறதா என்று பார்த்துவிட்டே உள்ளே பிரிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர் முழுதும் உட்காராமல் போல்ட்டால் இழுத்து இறுக்கியிருந்தாலும் இதே இறுக்கம் வரும்.

சுற்றத் தொடங்கியதும் உடனே ஸ்டார்ட் செய்யாமல், ஸ்டாப் கேபிளை இழுத்தோ ஃபியூயல் ஃபியூஸை எடுத்தோ பத்துப் பத்து நொடியாக, இடையே ஓய்வு விட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை சுற்ற விட வேண்டும். காகித வேலையும் ஒன்று உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, முன் அனுமதி பெறாமல் இன்ஜின் மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பிஒய் 02 எண் வண்டிகளுக்கு அது காரைக்கால் போக்குவரத்து அலுவலகம். ஆர்சியில் புது இன்ஜின் எண் ஏறிய பிறகு காப்பீட்டிலும் அதே எண்ணைச் சேர்க்க வேண்டும்.