குறி தவறுவது எங்கே?

துப்பாக்கி உயர்ந்ததாயின் குறியும் உயர்ந்ததாகும் என்று எண்ணுவோர் பலர். நானும் அவ்வாறே எண்ணினேன். சுடுபயிற்சிக் களத்தில் எனக்குக் கிடைத்தது ஸ்பிரிங்கால் இயங்கும் பழைய காற்றுத் துப்பாக்கி. புதியது வாங்க உதவித்தொகை இடந்தராது. ஆகவே உள்ளதையே திருத்த முற்பட்டேன்.

முதலில் செய்தது பெரும் பிழை. விசை கடினமாக இருக்கிறதென்று அதன் உட்பகுதியைக் கழற்றி, மென்மையான ஸ்பிரிங் ஒன்றை வைத்தேன். மறுநாள் குண்டிட்டுக் குழலை மூடியதும், விரல் படாமலே துப்பாக்கி சுட்டுவிட்டது. குழல் இலக்கை நோக்கியிருந்தமையால் எவருக்கும் தீங்கில்லை. பக்கத்தில் நின்றவன் முதலாண்டு மாணவன். அவன் முகம் வெளுத்ததை நான் மறக்கவில்லை. பயிற்சியாளர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, "கணக்குப் படிக்கிறாயே, கணக்குப் போட்டுப் பார்த்தாயா?" என்றார்.

அன்றிரவு போட்டுப் பார்த்தேன். பத்து மீட்டர் இலக்கின் நடுப்புள்ளி 0.5 மி.மீ. விட்டமுடையது, வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. தொலைவு. 4.5 மி.மீ. குண்டு வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் சென்றால், இலக்கை அடைவதற்குள் 17 மி.மீ. கீழிறங்கும். வேகம் 175 ஆனால் 16 மி.மீ. இறங்கும். வேறுபாடு ஒரு மில்லிமீட்டரே!

இனிக் குறி பார்ப்பதைக் காண்போம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 70 செ.மீ. எனக் கொள்வோம். முன்குறி நடுவிலிருந்து 1 மி.மீ. விலகித் தோன்றினாலும், இலக்கில் அப்பிழை 14 மி.மீ. ஆகும். ஐந்து வளையங்கள் போயின! குற்றம் துப்பாக்கியின் வேகத்தில் இல்லை; கண் நிற்கும் இடத்தில்தான் உள்ளது.

ஆகவே பயிற்சியாளரின் இசைவோடு நான் செய்தவை சில. கன்னம் படும் கட்டையில் கம்பளித் துண்டொன்றை ஒட்டினேன். முகம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமைந்தது. ஸ்பிரிங்கின் அதிர்ச்சியால் தளரும் திருகாணிகளை நாள்தோறும் முடுக்கினேன். விளிம்பு நசுங்கிய குண்டுகளை ஒதுக்கினேன். குண்டில்லாமல் சுட்டுப் பழகுவதை விட்டேன். காற்றின் தடையின்றி உந்துதண்டு மோதி உறுப்புகள் கெடும். விசையை மட்டும் தொடவேயில்லை. போட்டிக்குச் செல்வோர் இத்திருத்தங்களும் விதிக்கு உட்பட்டவையா என்று கேட்டறிதல் நலம்.

கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் இதே பத்து மீட்டர் பிரிவில் தங்கம் வென்றார். பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு அது பெருமையும் ஊக்கமும் ஆகும். கருவியைத் திருத்துமுன் பிழை எங்கே என்று அளந்து பாருங்கள், நண்பர்களே! களத்திற்கு மட்டுமன்றி ஆய்வுக்கூடத்திற்கும் பொருந்தும் பாடம் இது.